நிலுவையில் உள்ளவை

“இரண்டு ஆண்டு சிறை” என்று நீதி அமைச்சர் வாசித்ததும், பார்வையாளர் மாடத்தின் இரண்டாவது வரிசையில் இருந்த பெண் கைப்பையை மடியோடு அழுத்திக்கொண்டாள். ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியரின் மனைவி அவள். அவதூறுச் சட்டத்தின் அந்தப் பிரிவு அவளுக்கு மனப்பாடம்.

மாடத்தில் பேசக் கூடாது, கை தட்டக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது என்று அவைக்காவலர் வாசலிலேயே சொல்லிப் போனையும் வாங்கி வைத்திருந்தார். அழலாமா என்று கேட்டாராம் பக்கத்து நாற்காலிக்காரர். சத்தம் வராமல் அழலாம் என்று பதில் வந்ததாம்.

பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு கார்ட்டூனிஸ்ட். ஒரு மேயரின் மூக்கை நீளமாக வரைந்துவிட்டு மூன்று வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறவர். “மூக்குக்கே ரெண்டு வருஷம். நல்ல வேளை அக்கா, நான் வாயை வரையல” என்றார் காதோடு.

கீழே கேள்வி நேரம். அவதூறு வழக்குகள் எத்தனை என்று ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். நாற்பத்தொன்று நிலுவையில் இருக்கின்றன, அதில் இருபத்தொன்பது பத்திரிகைக்காரர்கள் மேல் என்றார் அமைச்சர். எழுதியதற்காக ஒருவரைச் சிறையில் தள்ளுகிற சட்டம் வெட்கக்கேடு. அது இன்றோடு ஒழியும், நாற்பத்தொரு வழக்குகளும் அதோடு போகும் என்றார்.

எதிர்வரிசையிலிருந்து ஒருவர் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். “ரோடு மந்திரியா ரோடு போட்டுக்கிட்டிருந்தவரைக் கொண்டாந்து சட்டம் போடச் சொன்னா, இப்படித்தான் ராவோடு ராவா போடுவாரு.”

அவை சிரித்தது. அமைச்சரும் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாலம் உடைந்து பஸ் ஒன்று ஆற்றில் விழுந்து ஒன்பது பேர் இறந்ததற்கு யார் பொறுப்பு என்று அவள் கணவர் பெயர் போட்டு எழுதியிருந்தார். பெயருக்குரியவர் கேஸ் போட்டார். பதினோரு வாய்தாவுக்குப் பிறகு, வரும் திங்கட்கிழமை குறுக்கு விசாரணை. இனி எல்லாம் சபையின் கையில்தான் இருக்கிறது என்று வக்கீல் காலையில் போனில் சொல்லியிருந்தார்.

கேள்வி நேரம் முடிந்து மசோதா விவாதத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியின் பெண் உறுப்பினர் எழுந்து ஒரே ஒரு திருத்தம் கேட்டார். சிறைத் தண்டனை ஒழியட்டும்; ஆனால் இப்போது நடக்கிற வழக்குகள் தீர்ப்பு வரைக்கும் நடக்கட்டும்.

ஆளும் வரிசை கொதித்தது. எழுதுகிறவர்களை உள்ளே தள்ளிப் பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு ஆசையா என்று ஒருவர் கேட்க, மேசைகள் தட்டப்பட்டன.

“வர்ற திங்கட்கிழமை ஒரு வழக்கு...” என்று அந்த உறுப்பினர் ஆரம்பித்தார். சபாநாயகர் மணியை அடித்தார். கோர்ட்டில் இருக்கும் வழக்கைப் பற்றி அவையில் பேசக் கூடாது என்பது விதி. அவர் மறுபடியும் ஆரம்பித்தார். மைக் அணைந்தது. உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தன.

மாடத்தில் இருந்தவள் தன்னை அறியாமல் கைப்பிடிச் சுவர் வரை குனிந்துவிட்டாள். அவைக்காவலர் விரலால் சைகை காட்ட, பின்னுக்குச் சாய்ந்தாள். இங்கிருந்து ஒரு வார்த்தை கத்தலாம். கத்தினால் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடுவார்கள். அந்த வார்த்தை அவைக் குறிப்பில்கூட ஏறாது.

குரல் வாக்கெடுப்பு. திருத்தத்துக்கு ‘ஆம்’ என்றவை ஏழெட்டுக் குரல்கள். ‘இல்லை’ என்ற சத்தம் மாடத்தின் தரையில் வந்து இடித்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

அடுத்த ஐந்து நிமிடத்தில் மசோதாவும் நிறைவேறியது.

கார்ட்டூனிஸ்ட் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “பொழைச்சோம் அக்கா.” அந்தக் கையை விலக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வாசலில் போனைத் திரும்ப வாங்கினாள். கணவர் மூன்று முறை அழைத்திருந்தார். இன்று பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள். முதல் பக்கத்தில் இடம் விட்டுவிட்டு, மெஷின்காரரையும் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான்காவது முறையும் போன் அடித்தது. அது ஓயும் வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடைகூடத்தில் கூட்டம் விலகியது. முன்னால் கேமராக்கள் பின்வாங்கி நடக்க, அமைச்சர் வந்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெரியவர் மாலை வாங்க ஆள் அனுப்பியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அமைச்சர் அவளைப் பார்த்துவிட்டார். நேராக அவளிடம் வந்து, எதிரே நின்று கைகூப்பினார்.

“உங்க வீட்டுக்காரர் கேஸும் இன்னையோட போச்சும்மா” என்றார். “பழசெல்லாம் யாரும் மனசுல வச்சுக்க வேண்டாம். திங்கட்கிழமை அவரை நிம்மதியா வீட்டுல இருக்கச் சொல்லுங்க.”

கேமராக்கள் மின்னின. கொஞ்சம் அமைச்சர் பக்கம் திரும்பிச் சிரிக்கும்படி புகைப்படக்காரர் ஒருவர் அவளைக் கேட்டுக்கொண்டார்.

அவள் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“கேஸ் போட்டவர் நீங்க, திங்கட்கிழமை கூண்டுல ஏறிப் பதில் சொல்ல இருந்ததும் நீங்கதானே.”