டீத்தண்ணியில் ஊறிய ஜாக்கெட்

நடிகை மிருணா பழைய துணிக்கடையில் ஒரு பஃப் கை ஜாக்கெட்டை வாங்கி, தையல்காரரிடம் அளவுக்குக் கொடுத்தனுப்பினாள். அதற்கு வயது அறுபது. இடது கையில், இஸ்திரிப் பெட்டி சுட்ட இடத்தில் ஓர் ஒட்டு. "அச்சு அசலா இதே மாதிரி வேணும்" என்று உத்தரவு. தையல்காரர் சொன்னதைச் செய்பவர். புதுத் துணியிலும் அந்த ஒட்டைப் போட்டார். பழசாகத் தெரியட்டும் என்று டீத்தண்ணியில் வேறு முக்கி எடுத்தார்.

"ஏம்மா, பொறந்த அன்னைக்கே ஒட்டா?" என்று கேட்டது பழைய ஜாக்கெட்.

"இது ஒட்டு இல்லக்கா, விண்டேஜ்," என்றது புதுசு, டீ சொட்டச் சொட்ட.

"என்னைப் போட்டவ இதை மறைக்க முந்தானையை இழுத்துவிட்டே காலத்தைக் கழிச்சா."

"பாவம், அவங்க பிரபலம் இல்ல போல."

விருது விழாவுக்குப் புதுசு போனது. மறுவாரமே ஊரில் பாதிப் பெண்கள் நல்ல ஜாக்கெட்டைக் கிழித்து ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

அளவுக்குப் போன பழைய ஜாக்கெட்டும் மிருணாவின் அலமாரிக்கு வந்து சேர்ந்திருந்தது. 'இனி எனக்கும் மரியாதைதான்' என்று அது கையை உப்பிக்கொண்டது. அப்போது உடை உதவியாளர் தேன்மலர் அதை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"மேடம், உங்க டிசைனைப் பாத்து எவளோ காப்பி அடிச்சிருக்கா. ஒட்டுகூட ஒழுங்கா வரல!"

அதைக் கசக்கி நிலைக்கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனதும், புதுசு அதில் தன் ஒட்டை அழகு பார்த்துக்கொண்டது.