நோயில்லாத பதினோரு பேர்

"உனக்கு என்ன செய்யுது ஆத்தா?"

"எனக்கா? ஒண்ணும் செய்யலையேண்ணே. குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

ஆஸ்பத்திரிக் கட்டில்ல சம்மணம் போட்டு முறுக்கு கடிச்சுக்கிட்டே சொன்னா மருதாயி. மாசமா இருக்கா, சரிதான். ஆனா பேறுகாலத்துக்கு இன்னும் பதினஞ்சு நாள் கிடக்கு.

உக்கிரபாண்டிக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. அவரு ஏலத்தோட்ட முதலாளிமார் சங்கத்துக் கிளார்க்கு. போடியில டாக்டரம்மா வீரலட்சுமி ஆஸ்பத்திரியில தோட்டத்து ஆளுக சங்கச் சீட்டைக் காட்டி வைத்தியம் பாத்துக்கலாம். கட்டிலுக்கு நாளுக்கு இவ்வளவுன்னு சங்கம் கட்டிரும். மூணு வருச ஒப்பந்தம். அது இன்னைக்கு, எழுபத்தொன்பது மார்ச் முப்பத்தொண்ணு, சாயங்காலம் ஆறு மணியோட முடியுது.

மருந்து விலை ஏறிப்போச்சு, கட்டில் கூலியைக் கூட்டுங்கன்னு டாக்டரம்மா கேட்டாக. ஒத்தப் பைசா ஏத்த மாட்டோம்னுருச்சு சங்கம். பேச்சு முறிஞ்சு, நேத்தே வாசல்ல போர்டு தொங்கிருச்சு: 'ஏப்ரல் 1 முதல் சங்கச் சீட்டு செல்லாது.'

"கடைசி நாளு, பில்லை ஏத்தப் பாப்பாக. சும்மா படுத்திருக்கிற ஆளை எண்ணி எழுதிட்டு வாரும். ஏமாந்து வந்தீர்னா உம்ம சோலிக்கு வேற ஆளைப் பாத்துக்குவேன்"னு சங்கச் செயலாளர் காலையிலேயே சொல்லி அனுப்பிட்டாரு.

உக்கிரபாண்டி எண்ணுனாரு. பதினோரு பேரு. அத்தனை பேரும் பிள்ளைத்தாச்சி. ஒருத்திக்கும் வலி இல்லை. ரெண்டு பேரு தாயம் ஆடிக்கிட்டிருந்தாளுக!

"வலியில்லாம எதுக்கு ஆத்தா வந்து படுத்தீக?"

"டாக்டரம்மாதாண்ணே விடியக்காலமே ஜீப்பு அனுப்பி மலையில இருந்து இறக்குனாக. படுன்னாக, படுத்துட்டோம்." மருதாயி முறுக்கைக் கீழ வச்சா. "போன தடவை வலி வந்தப்புறம்தான் ஜீப்புல ஏத்துனாக. போடிமெட்டு வளைவுல பிறந்து அங்கயே போயிருச்சு. இதையாச்சும் உசுரோட தூக்கிட்டுப் போகணும்ணே."

பாவந்தான். அதுக்காகத் திருட்டுப் பில்லுக்குத் தலையாட்ட முடியுமா? நேரா டாக்டரம்மா அறைக்குப் போனாரு.

"இவுகளுக்கு என்ன நோயின்னு பில்லு போடுவீக?"

"நோயின்னு யாரு சொன்னா? மாசமா இருக்காக."

"வலி வந்தப்புறம் சேக்குறதுதானே வழக்கம்? இப்பவே வீட்டுக்கு அனுப்புங்க."

"முடியாது. எழுதுறதை எழுதிக்கங்க. ஆறு மணிக்கு முன்னால ஒருத்தியையும் எழுப்ப விட மாட்டேன்."

என்னா திமிரு! எரியிற வீட்டுல பிடுங்குனது லாபம்னு நினைக்குது பாரு இந்தம்மான்னு கருவிக்கிட்டே எதுத்த டீக்கடையில போய் உக்காந்தாரு.

ரிப்போர்ட்டு எழுதணும்னா எந்த ஷரத்தை மீறுனாகன்னு நம்பர் போடணும். பையில இருந்த ஒப்பந்த நகலைப் பிரிச்சாரு. விரல் ஏழாவது ஷரத்துல வந்து நின்னுருச்சு.

'ஒப்பந்தம் முடியும் நேரத்தில் படுக்கையில் உள்ளவர்களை, அவர்கள் வீடு திரும்பும் வரை ஆஸ்பத்திரியே தன் செலவில் கவனிக்க வேண்டும்.'

முதலாளிமார் அடம்பிடிச்சுச் சேத்த ஷரத்து அது. திரும்பவும் படிச்சாரு. அப்ப, இன்னைக்கு ஒரு நாள் கூலிதான் அந்தம்மாவுக்கு. நாளையில இருந்து பதினோரு பேறுகாலமும் அவுக தலையில!

அடக் கடவுளேன்னு எந்திரிச்சு ஓடுனாரு.

"அம்மா, இதுல உங்களுக்கு எம்புட்டு நட்டம் தெரியுமா?"

"கையெழுத்துப் போட்டவளுக்குத் தெரியாதா?"

"அம்புட்டு இரக்கம் இருந்தா நாளைக்கு வந்தாலும் சும்மா சேத்துக்கிறலாமே? எதுக்கு இந்த அவசரம்?"

டாக்டரம்மா பேனாவை மூடுனாக. "இன்னைக்குப் படுத்தவளை ஒப்பந்தப்படி பாக்குறேன். நாளைக்குச் சீட்டில்லாம ஒருத்தியைச் சேத்தேன்னு தெரிஞ்சா உங்க சங்கம் காலத்துக்கும் விலை ஏத்தாது. ஆஸ்பத்திரியை இழுத்துச் சாத்த வேண்டியதுதான். நான் விட்டுக்குடுக்க மாட்டேன். அவுகளும் இப்போதைக்கு இறங்கி வர மாட்டாக. சண்டை எங்களுக்குள்ள. வயித்துல கிடக்கிற பிள்ளைக அதுவரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?"

உக்கிரபாண்டிக்கு, இவுகளுக்குப் போயா திருட்டுப் பட்டம் கட்டப் பாத்தோம்னு வெக்கமா இருந்துச்சு. அங்கயே மேசையில தாளை வச்சு எழுதுனாரு: 'நேரில் பார்த்தேன். பதினோரு பேரும் படுக்கையில் இருக்க வேண்டியவர்களே.' சோலி போனாப் போகட்டும்னு கீழ அழுத்திக் கையெழுத்தும் போட்டாரு.

போட்டுட்டும் கிளம்பலை. மணியைப் பாத்தாரு. ஒண்ணே கால்.

"இன்னும் என்ன?"

"மேட்டுத் தோட்டத்துல கருத்தம்மாளும் அவ நாத்தனாளும் நிறைமாசமா இருக்காளுகம்மா. உங்க ஆளுக்குத் தெரியாமப் போச்சு போல. எனக்குத் தெரிஞ்ச வாடகை ஜீப்புக்காரன் வீரணனை இப்ப அனுப்புனா ஆறு மணிக்குள்ள இறக்கிரலாம்." குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "கட்டில்தான் இல்லையோ?"

டாக்டரம்மா எந்திரிச்சு வாசலைப் பாத்து நடந்துக்கிட்டே சொன்னாக:

"நீங்க ஜீப்பை வெரசா அனுப்புங்க. நான் போயி எங்க வீட்டுக் கட்டிலைத் தூக்கிட்டு வரச் சொல்றேன்."