ஒரு துண்டு, ஒரு குடம்

"துண்டையாவது மாத்திக்கோங்க மேடம். ரெண்டு நாளாச்சு."

"வேணாம்க்கா. இன்னும் ரெண்டு நாளைக்குத் தாங்கும்" என்று சிரித்தாள் ஊர் சுற்றிப் பார்க்க வந்த பெண்.

தள்ளுவண்டியோடு வந்த ஓட்டல் பணிப்பெண் வாசலை விட்டு நகரவில்லை. இந்த மாடியில் இதுதான் கடைசி அறை. மற்ற அறைகளில் எல்லாரும் வேண்டாம் என்று கைவிரித்துவிட்டார்கள். இன்றைக்கு ஓர் அறையிலாவது துண்டு, விரிப்பு மாற்றும் வேலை கிடைக்காவிட்டால் இரண்டு பணிப்பெண்களில் ஒருத்தியை நிறுத்திவிடுவதாகக் காலையிலேயே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பிந்தி வேலைக்குச் சேர்ந்தவள் இவள்தான்.

"படுக்கை விரிப்பு மேடம்? கசங்கியிருக்குமே."

"கசங்கினா என்ன, நான்தானே படுக்கப்போறேன்? விருந்தாளியா வந்துட்டு உங்க ஊர்த் தண்ணியை நான் வீணாக்கக் கூடாதுக்கா."

போகிற ஊரிலெல்லாம் குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறவர்களுக்கு நடுவே இப்படி ஒரு தங்கமான மனசு. மனசுக்குள் திட்டக்கூட வழியில்லாமல் போனது அவள் தலையெழுத்து.

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் குளியலறைக் கதவில் தொங்கிய அட்டையைக் காட்டினாள்.

"இதைப் படிச்சப்புறம் எப்படிக்கா மனசு வரும்? 'இந்தத் துண்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தெருவில் ஒரு வீட்டில் குடம் நிறையும்.' எத்தனையோ ஓட்டல்ல தங்கியிருக்கேன். பூமியைக் காப்போம்னு எழுதி வச்சிருப்பாங்க, திரும்பிக்கூடப் பாத்ததில்ல. இது சுருக்குனு தைச்சுது. அந்தத் தெருவுக்கு இப்ப தண்ணி வருதா?"

"வருது மேடம்."

பொய்யில்லை. அவள் வீடு அங்கேதான். குழாயடிச் சண்டைகூட இப்போது ஓய்ந்துவிட்டது.

வண்டியைத் திருப்பினாள். காலையில் அடுக்கிய துண்டுகள் அடுக்கியபடியே இருந்தன.

மாடிப்படி அருகே சூப்பர்வைசர் காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்மா. முதலாளிகிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

அவள் வண்டியைச் சுவரோரமாக நிறுத்தினாள். யாரைக் குறை சொல்வது?

"அட்டையில போட ரெண்டு வரி எழுதித் தாங்கன்னு கேட்டப்ப எல்லாரும் நைசா நழுவிட்டாங்க" என்றார் அவர், அவளைப் பார்க்காமல். "நீதான் எழுதிக் குடுத்தே. இவ்வளவு நல்லா எழுதியிருக்க வேணாம்."