அசல் மர்த்தோ

“உங்க மாமனார் பேருக்கு முப்பது லட்சம் ரூபியா ஆகும்க்கா. மூஞ்சியும் சேர்த்துன்னா முப்பத்தஞ்சு.”

பிரயித்னோ இதைக் கறிவேப்பிலை விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். ரூபியா லட்சக்கணக்கில் புழங்குகிற ஊர்தான்; ஆனாலும் வர்சினி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். சுராபாயா துறைமுகத்துக்குப் பின்னால் இருபத்தோரு வருஷமாகச் சோத்தோ என்கிற கோழி சூப் விற்பவள். பேரம் பேசாமல் அவள் மூச்சுக்கூட வாங்க மாட்டாள்.

“செத்துப்போன மனுஷன், தம்பி. பாத்துச் சொல்லு.”

“உயிரோட இருந்தா இன்னும் ஜாஸ்தியாகும்க்கா.”

கடைக்கு மேலே போர்டு. கறுப்புத் தொப்பியும் கொழுத்த மீசையுமாக ஒரு மனிதர், பக்கத்தில் ‘பாக் மர்த்தோ சோத்தோ, அசல்’ என்று எழுத்து; ‘பாக்’ என்றால் ஐயா. எதிர்ச்சாரியில் சுமிராவின் கடை. அங்கேயும் அதே பெயர், அதே தொப்பி, அதே மீசை. ‘அசல்’ என்பதற்குப் பதிலாக ‘மிக அசல்’. அவ்வளவுதான் வித்தியாசம்.

தெருவோடு இருந்தவரை இதனால் குடி முழுகவில்லை. ஊர்க்காரர்களுக்கு எந்த சூப் எந்தச் சட்டியிலிருந்து வருகிறது என்று தெரியும். செல்போனில் ஆர்டர் போடுகிற ஜனங்களுக்குத் தெரியாது. வண்டிப் பையன்கள் நிழல் இருக்கிற பக்கமாகப் பார்த்துச் சுமிரா கடையில் வாங்கிப் போனார்கள். அவள் சூப்பில் முடி கிடந்தால் மட்டும் ஒற்றை நட்சத்திரம் வர்சினி கணக்கில் விழுந்தது. மதியத்துக்குள் எண்பது கிண்ணம் போன இடத்தில் இப்போது முப்பது. நோன்பு மாதத்துக்குள் நிலைமை மாறாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். பெஞ்சுகளை என்ன விலைக்குத் தருவாய் என்று சுமிரா இப்போதே ஆள் விட்டுக் கேட்டாயிற்று.

சின்னக் கடைகளை இணையத்தில் தூக்கிவிடுவதுதான் பிரயித்னோவின் தொழில். மூன்று நாளாக வந்து பாடம் நடத்தினான். சூப்பைக் காலை வெயிலில் படம் எடுக்க வேண்டும். வரைபடத்தில் கடையைச் சரியான பக்கத்தில் குத்திவைக்க வேண்டும். குறை சொல்கிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் பணிவாகப் பதில் போட வேண்டும். ‘உன் பெண்டாட்டி சமையலைத் தின்று நாக்கு செத்துப்போன உனக்கு என்ன தெரியும்’ என்று வர்சினி போன மாதம் எழுதியது பணிவில் சேராது.

எல்லாவற்றுக்கும் மேல், பெயரையும் முகத்தையும் அரசாங்கத்தில் பதிய வேண்டும். முதலில் பதிகிறவருக்கே சொந்தம். மற்றவர் போர்டைக் கழற்ற வேண்டும்.

இதைக் கேட்டதும் வர்சினியின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. முப்பத்தைந்தைப் பதினெட்டுக்கு அடித்துக் கொண்டுவந்தாள். பாதியை அங்கேயே எண்ணி வைத்தாள்.

“இப்ப மர்த்தோ ஐயாவோட கதையைச் சொல்லுங்க,” என்று பிரயித்னோ நோட்டைத் திறந்தான். “கதை இருந்தாத்தான் ஜனங்க நம்புவாங்க.”

வர்சினி குஷியாக ஆரம்பித்தாள். மாமனார் பதினாறு வயதில் இரண்டு சட்டிகளைக் காவடியாகத் தோளில் தூக்கி வந்தார். துறைமுகக் கூலிகளுக்கு இலவசமாக ஊற்றினார். வெளிநாட்டுக் கப்பல் தலைவன் ஒருவன் மண்டியிட்டுச் செய்முறை கேட்டும் சொல்லவில்லை. அத்தனை பெரிய மீசை ஒரு நாளும் சூப்பில் பட்டதில்லை. அவள் கணவன் தர்சோ மூலையில் உட்கார்ந்து எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தான். கதை வளர வளர அவன் கத்தியும் வேகம் பிடித்தது. நூறு கிண்ணத்துக்கான எலுமிச்சை ஏற்கெனவே நறுக்கியாயிற்று.

பிரயித்னோ ஒன்று விடாமல் எழுதினான். “எப்படி இறந்தாரு?”

வர்சினி இதை எதிர்பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

“இதே அடுப்படியிலதான். கையில கரண்டி. கடைசிக் கிண்ணத்தை ஊத்திக் குடுத்துட்டு, உப்பு சரியா இருக்கான்னு கேட்டாரு. அப்படியே சாஞ்சுட்டாரு.”

பிரயித்னோ பேனாவை வைத்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. வர்சினிக்குத் தன் திறமை மேல் தனக்கே மரியாதை வந்துவிட்டது. அவன் கிண்ணத்தில் ஒரு முட்டையைக் காசில்லாமல் போட்டாள். இருபத்தோரு வருஷத்தில் அந்தக் கடையில் முதல் இலவச முட்டை.

“நேத்து எதிர்க்கடை அக்காகிட்டயும் கேட்டேன்,” என்றான், கண்ணைத் துடைத்தபடி. “அவங்க கணக்குல அவரு ரயில்ல அடிபட்டுப் போயிட்டாரு.”

“அவளுக்கு ஒரு மனுஷனைக் கௌரவமா சாகடிக்கக்கூடத் தெரியல.”

பிரயித்னோ விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். படத்தில் இருப்பவர் சம்மதம் தர வேண்டும், அவர் இல்லையென்றால் வாரிசு கையெழுத்துப் போட வேண்டும் என்று விளக்கினான்.

“அதுக்கென்ன,” என்றாள் வர்சினி. “ஏங்க, கையைத் துடைச்சிட்டு வந்து உங்கப்பாவுக்காக ஒரு கையெழுத்துப் போடுங்க.”

தர்சோ எழுந்திருக்கவில்லை. பிரயித்னோவின் முகத்தையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தவன், பாதி எலுமிச்சையோடு அப்படியே உறைந்துபோயிருந்தான்.

“அண்ணனைத் தொந்தரவு பண்ணாதீங்க, அந்த வாரிசு நான்தான்,” என்றான் பிரயித்னோ. “போர்டு வரையிற எங்கப்பா சாம்பிளுக்குன்னு தன் பேரையும் மூஞ்சியையும் வரைஞ்சு வாசல்ல வச்சிருந்ததை அண்ணன் பாதிக் காசு குடுத்துத் தூக்கிட்டு வந்தாராம், மீதி முப்பதாயிரம் ரூபியா இன்னும் வரலைன்னு இன்னைக்குக் காலையில சாப்பிடும்போதுகூடச் சொன்னாரு.”