இருபது பேர் போதும்

"நூத்தம்பது பேரா? ஒரு கப் காபி குடிக்கவா?" இடுப்புப் பட்டையில் கயிற்றை நுழைத்துக்கொண்டே கத்தினாள் லுஜைன்.

"மெதுவா பேசு. பெரியப்பா லைன்ல இருக்கார்." ஹைதம் போனைப் பொத்திக்கொண்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வீட்டார் அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். கர்னலாக இருந்து ஓய்வுபெற்ற அவன் பெரியப்பா அதைப் படையெடுப்பாகவே ஆக்கியிருந்தார். நூற்றைம்பது ஆண்கள், நாற்பது கார்கள். லுஜைனின் அப்பாவுக்கு அம்மான் நகரில் இருப்பதோ மூன்றாம் மாடியில் ஒரு வாடகை வீடு. இத்தனை நாற்காலிக்கு எங்கே போவது என்று மனிதர் மூன்று நாளாகத் தூங்கவில்லை.

"இருபது பேர் வரட்டும். இல்லைன்னா யாருமே வர வேணாம். அவர்கிட்ட சொல்லு."

"சொன்னா சுட்டுடுவார்!"

"அப்ப பேசிக்கிட்டே இரு." விருட்டென்று திரும்பிச் சுவரில் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

ஏறிப் பழகுவதற்காக, வண்ணப் பிடிகள் பதித்து, பழைய கிடங்கு ஒன்றுக்குள் எழுப்பிய பதினான்கு மீட்டர் பலகைச் சுவர் அது. காலை நேரம், வேறு யாரும் வரவில்லை. உரிமையாளர் அபூ ஷாதியும் ஃபலாஃபில் வடை வாங்கப் போயிருந்தார். அவள் இடுப்பிலிருந்து போன கயிறு உச்சி வளையத்தில் நுழைந்து ஹைதமின் கைக்கு இறங்கியது. அவள் ஏற ஏறத் தொய்வை இழுத்துக்கொள்வது அவன் வேலை. உச்சியில் இருக்கும் மணியை அடித்துவிட்டு அவள் கையை விடுவாள். கயிற்றில் உட்கார்ந்த மாதிரி அது அவளைத் தாங்கிக்கொள்ளும். அவன் மெல்ல இறக்குவான்.

போனைத் துண்டித்துப் பைக்குள் போட்டுவிட்டு அவன் கயிற்றை இழுத்தான். கோபம் இழுப்பிலும் தெரிந்தது.

பத்து மீட்டர் போனதும் லுஜைன் நின்றாள். இடுப்புக்குப் பின்னால் தொங்கிய பையில் கையை விட்டு, வியர்வைக்குப் பூசும் பவுடரை எடுத்தாள். எடுத்த கையைப் பிடிக்குக் கொண்டுபோகச் சற்று நேரமாயிற்று. பிறகு சிரித்தாள்.

"ஹைதம், ஒரு பந்தயம். மணி வரைக்கும் போகலை. இங்கேருந்தே, கயித்துல உக்காராம, ஏறின மாதிரியே இறங்கறேன். இறங்கிட்டா இருபது பேர்."

"இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு? ஒழுங்கா மணியை அடிச்சுட்டு உக்காரு."

"கயித்தை இழுக்காதே! இழுத்தா நீ தோத்தேன்னு அர்த்தம்."

"பந்தயமே இல்லைங்கறேன்." வீம்புக்கு இன்னொரு இழுப்பு இழுத்தான். அப்போதுதான் நன்றாக நிமிர்ந்து பார்த்தான்.

அவள் இடுப்பில் முடிச்சு இல்லை.

கயிற்றின் முனை பட்டைக்குள் நுழைந்து வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. சண்டை மும்முரத்தில் அதைத் திருப்பிப் பின்னாமலே ஏறிவிட்டிருக்கிறாள். ஒரு முழமாவது இருந்திருக்க வேண்டிய முனை இப்போது ஒரு சாண்தான் இருந்தது. மிச்சத்தை உருவியது அவனுடைய இழுப்புதான்.

ஏறுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்ப்பது வழக்கம். இரண்டு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை. இன்று அவன் போனில் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். அங்கே ஒரு கையைத்தான் எடுக்க முடியும். சொன்னால் பதறுவாள், கை வியர்க்கும், வழுக்கும். கீழே மெல்லிய ரப்பர் விரிப்பு, அதற்கடியில் சிமெண்டு. சொல்லாமலே இறக்கியாக வேண்டும்.

பந்தயம்! அல்லாஹ்வே அவள் வாயில் போட்ட வார்த்தை.

"சரி, பந்தயம்!" குரல் கீச்சென்று வந்தது.

"இப்ப மட்டும் எப்படி?"

"உன்னால முடியாதுன்னு காட்டத்தான். கயித்துல உக்காந்தேன்னா, நூத்தம்பது பேரோட எங்க அத்தைங்க ஏழு பேரும் வருவாங்க."

"சத்தியமா?"

"எங்கம்மா மேல சத்தியம். இடது பக்கம் மஞ்சள் பிடியெல்லாம் பெருசு. அதுல வா."

"எனக்கே பாடமா ஹபீபி?" முதல் காலைக் கீழே வைத்தாள். "பேசிக்கிட்டே இரு. பெரியப்பா வேற என்ன சொன்னார்?"

"மைக் செட் வேணுமாம்." கயிற்றை இழுக்காமல் தளர்த்திக்கொண்டே போனான்.

"உங்க வீட்டு ஆளுங்களுக்கு மைக் வேறயா?"

ஏழு மீட்டர். ஐந்து. திடீரென்று அவள் இடது கால் வழுக்கியது. ஹைதம் கயிற்றை மறந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவரடிக்கு ஓடினான். ஒற்றைக் கையில் தொங்கியவள் எப்படியோ காலை ஊன்றிக்கொண்டாள்.

"வழுக்கினதெல்லாம் கணக்கில்லை," என்றாள் மெதுவாக. மறுபடி இறங்கினாள். மூன்று. ஒன்று.

அவள் பாதம் தரையைத் தொட்டதும் ஹைதம் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"முடிச்சு... உன் முடிச்சைப் பாரு லுஜைன். சொன்னா நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை."

லுஜைன் குனிந்து பார்க்கவில்லை. அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"பவுடர் எடுக்கறப்பவே பாத்துட்டேன். சொன்னா நீ பதறி இழுத்துடுவேன்னுதான் பந்தயம் கட்டினேன்," என்றவள், அவன் பையிலிருந்து போனை உருவி நீட்டினாள். "பெரியப்பாவுக்குப் போடு. இருபது பேர்."