ஒட்டுக்குக் கீழே

முதலில் என்னைக் கெடுத்தது ஒட்டுக்கத்தி. நான் காட்டு மாங்கொட்டையில் முளைத்தவன். தளதளவென்று வளரும்போதே என் தலையைச் சீவி, அதில் ருமானி மாமரத்துக் குச்சி ஒன்றைச் செருகிக் கட்டினார்கள். அன்றிலிருந்து வேரும் அடிமரமும் நான், கிளையெல்லாம் அவன்.

எங்கள் வம்சத்துக்கு மார்கழியில் பூக்கிற குணம், விதையிலேயே வந்தது. அவனுக்கு மாசிதான். அதனால் மார்கழி முழுக்க நான் மட்டும் விழித்திருப்பேன்.

"தம்பி, பூக்கலாமா?" என்பேன். மேலே அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

ஒரு மழைக்காலத்தில் ஒட்டுக்குக் கீழே என் சொந்தத் தளிர் ஒன்று முளைத்தது.

"தம்பி, உன் தாழ்ந்த கிளையால இதை மறைச்சுக்கோ. தோட்டக்காரர் பார்த்தா வெட்டிடுவார். ஒரே ஒரு தடவை பூத்துட்டாப் போதும்."

"அதுக்கென்னண்ணே! நீங்க இல்லாம நான் ஏது?"

சில வருடம் மறைக்கவும் செய்தான். தளிர் கிளையாகி, ஒரு மார்கழியில் நுனியில் மொட்டு கட்டியது. அந்த வாரம் பார்த்து அவன் இலைகளைத் தொங்கப் போட்டான்.

"என்னடா?"

"தண்ணி பத்தலண்ணே. கீழேயே குடிச்சிடுறீங்க போல."

வாடிய இலையைக் கண்ட தோட்டக்காரர் காரணம் தேடிக் குனிந்தார். என் கிளையை மொட்டோடு நறுக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

"விடுங்கண்ணே, என் பூவும் உங்க பூதானே" என்றான் அவன்.

மாசியில் இலை தெரியாமல் பூத்தான். வண்டுகள் என்னைத் தாண்டி மேலே போயின.

இப்போதும் மார்கழி பிறந்தால் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அவன் தூங்குகிறான். தண்ணீரை மட்டும் தவறாமல் அனுப்புகிறேன். ஒரு பூங்கொத்து அவன் எனக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.