தேறாத பீசு

"ஒரே ஒரு போண்டாங்க. அதனால என்ன குடி முழுவிடப் போவுது?"

பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்து, பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே பட்டறை மேசையில் வைத்தாள் நீலாவதி. அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் அவளுக்கு மூச்சிரைத்தது.

கொளஞ்சியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்கு மட்டும் போண்டா பக்கமே நின்றது.

"மூடி வை நீலா. திங்கக்கெழமை ஸ்கேனு. ஈரல்ல கொழுப்பு கொறையலன்னா டாக்டரு கைய விரிச்சிடுவாரு."

"அதெல்லாம் கொறையாது. மாசக்கணக்கா கொள்ளும் கீரையும் தின்னுட்டு, மணிமுத்தாத்துப் பாலத்துக்கும் ஜங்ஷனுக்கும் நடக்குறீங்க. தொப்பை எங்கயாச்சும் உள்ள போயிருக்குதா?"

"எங்க போவுது? நேத்து சேத்தியாத்தோப்பு யாவாரி, சிரிக்கிற குண்டு பொம்மையப் பாத்துட்டு, 'இதுக்கு அச்சு எடுக்க நீங்கதான் நின்னீங்களா?'ன்னு கேக்குறான்." சட்டைப் பொத்தானை இழுத்து மாட்டப் பார்த்தார். அது வழக்கம்போல் மறுத்தது. "சூளையில வெச்சா களிமண்ணு கூட சுருங்குது. அது பக்கத்துலயே இத்தினி வருசமா நிக்குற நான் மட்டும் உப்பிக்கிட்டே போறேன்."

நீலாவதி சிரிக்கவில்லை. ஜாடி வாங்க வருபவர்கள் விரிசல் இருக்கிறதா என்று சுண்டிப் பார்ப்பதுபோல், அவர் வயிற்றில் விரல் முட்டியால் தட்டினாள். நல்ல ஜாடி கணீரென்று பேசும். இது தொம்மென்றது.

"கேட்டுச்சா? தேறாத பீசு. பேசாம சாப்புடுங்க."

"நீ என்னமோ வெல பேசி வாங்க வந்தவ மாதிரி தட்டிப் பாக்குற!"

அவள் போண்டாவை அவர் வாயருகே நீட்டினாள். கொளஞ்சியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு, ஓடாத குறையாகப் பாலத்தைப் பார்த்து நடையைக் கட்டினார்.

திங்கட்கிழமை. சென்னை ஆஸ்பத்திரி. டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கொளஞ்சியப்பன் வயிற்றை உள்ளிழுத்து எக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூச்சை விடுங்க. ஸ்கேனை அப்படியெல்லாம் ஏமாத்த முடியாது" என்று சிரித்தார் டாக்டர். "தொப்பை இன்னும் இருக்குதான். ஆனா உங்க நடையும் பத்தியமும் உள்ளே வேலை செஞ்சிருக்கு. ஈரல்ல படிஞ்சிருந்த கொழுப்பு நல்லாக் கரைஞ்சிருச்சு."

கொளஞ்சியப்பன் மூச்சை விட்டார். தொப்பை பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஏம்மா அழறீங்க? அடுத்த வாரமே அவர் ஈரல்ல பாதியை எடுத்து உங்களுக்கு வெச்சிடலாம். நீங்க பொழைச்சுக்குவீங்க."

"இந்த மனுசன் மேல கத்தி படக் கூடாதுன்னுதான டாக்டரு, நானும் விடாம போண்டா வாங்கியாந்தேன்!"